மலையிலிருந்து திருமலைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்திலிருந்து திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வேன் பேசுபவர்கள் மாதத்தைத் தெரிவதிலேயே தவறிவிடுகிறார்கள். டிசம்பரில் பள்ளிக்கூட லீவு நீளம், பிள்ளைகள் வீட்டில் நிற்பார்கள், அப்போதே போவோம் என்று முடிவாகிறது. அங்கே அது வாடைக்காற்றின் காலம். வடகீழ்ப் பருவமழை கிழக்குக் கரையை நனைக்கும், கடல் கலங்கி அலை எழும், பவளப்பாறை பார்க்கப் போகும் புறாத் தீவுக்குப் படகு விடமாட்டார்கள். கோயிலைக் கும்பிட்டுவிட்டு, அறையில் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆகஸ்ட் லீவில் போங்கள். தென்மேல் பருவக்காற்று மழையை நம் மலைகளில் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாகத்தான் கிழக்கே போகிறது. ஹட்டனில் குடை விரித்து நிற்கும் அதே நாளில் திருமலையில் வெயில் காயும்.

இரவு பத்து மணிக்குப் புறப்படுவது அடுத்த தவறு. ஹட்டனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 250 கிலோமீற்றர். பத்து மணிக்குக் கிளம்பினால் ஹபரணைக் காட்டுப் பாதை நள்ளிரவு தாண்டிய வேளையில் வரும். யானை ரோட்டைக் கடக்கும் இடம் அது. கரிய உடம்பு இருட்டோடு கலந்து, வெளிச்சம் படும்போது மிகக் கிட்டத்தில் நிற்கும். அதிகாலை ஒன்றரை மணியளவில் கிளம்பினால் ஹபரணையில் பொழுது விடிந்துவிடும். ஆனால் சாரதி அதற்கு முன் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும். பகல் முழுக்க வேறு ஹயர் ஓடியவரை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

வந்து இறங்கிக் குளித்துச் சாப்பிட்டு, நண்பகலில் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறவர்கள் நிறையப் பேர். நடை சாத்தியிருக்கும். அதைவிட மோசம், செருப்பைக் கழற்றியதும் கருங்கல் தரை உள்ளங்காலைச் சுடும். குளிரில் வளர்ந்த பிள்ளைகள் அழுதே விடுவார்கள். காலையில் வெயில் ஏறுமுன் அல்லது மாலைப் பூசைக்குப் போங்கள். கோயில் பிரெட்ரிக் கோட்டைக்குள் இருக்கிறது. பெரிய பஸ்ஸில் வருவோர் கோட்டை வாசலில் இறங்கி நடக்க வேண்டியிருக்கும், வயதானவர்களுக்கு ஓட்டோ பிடித்துவிடுங்கள். கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. முகாம் பக்கம் கைபேசியை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். அங்கே திரியும் புள்ளிமான்களுக்கு பிஸ்கட் கொடுப்பதும் தவறு. உறை கையிலிருந்து நழுவினால் உப்பு வாசத்துக்கு அதையும் சேர்த்து மென்றுவிடும்.

சம்பந்தர் பதிகம் பாடிய இந்தத் தலத்தைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இராவணன் வெட்டுக்குக் கூட்டிப் போங்கள். பாறை பிளந்து கடல் தெரியும் இடம் அது. விளிம்பில் நிற்கும் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் காற்றில் ஆடும். செல்பிக்காகக் கம்பிக்கு வெளியே கால் வைப்பதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

சூரிய அஸ்தமனம் பார்க்க டச்சுக்குடாக் கடற்கரைக்குப் போய் ஏமாறுவதும் உண்டு. அது கிழக்கு முகம், சூரியன் அங்கே கடலிலிருந்து எழும்பும். மாலையில் நகரின் மறுபக்கம், உள்துறைமுகக் கரைக்குப் போங்கள்.

கன்னியா வெந்நீர் ஊற்று நகரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றர். அங்கே இருப்பவை ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றின் சூடும் வேறு. உள்ளே இறங்கக்கூடாது, சவர்க்காரம் கூடாது. வாளியில் அள்ளி, முதலில் காலில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தலைக்கு ஊற்றுங்கள்.

புறாத் தீவில்தான் தவறுகளின் விலை அதிகம். நிலாவெளிக் கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். காலையிலேயே போங்கள், பிந்தினால் சனமும் காற்றும் கூடிவிடும். நுழைவுச்சீட்டு ஆளுக்கு, படகுக்கூலி தனி. இரண்டையும் ஏறுமுன் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நீந்தத் தெரியாதவர்கள் உயிர்காப்பு அங்கியைத் தண்ணீரில் கழற்றவே கூடாது. கடலுக்கடியில் பார்க்க மாட்டும் கண்ணாடி முகமூடியில் தண்ணீர் புகுந்ததும் பலர் பதறிக் கீழே காலூன்றுகிறார்கள். கால் படுவது பவளப்பாறையில். அது பார்க்கக் கல், உண்மையில் உயிர். ஒரு மிதியில் முறியும் கிளை திரும்ப வளர வருடங்கள் ஆகும், மிதித்த காலும் கிழியும். பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து, முகமூடியைத் தூக்கித் தண்ணீரை வடியவிடுங்கள். கரையில் கிடக்கும் உதிர்ந்த பவளத் துண்டையும் எடுத்து வராதீர்கள். இது 2003இலிருந்து தேசியப் பூங்கா.

சின்னப் பிள்ளைகளோடு குளிக்க, திறந்த கடலைவிடச் சீனக்குடாப் பக்கத்து மாபிள் பீச் நல்லது. குடாவுக்குள் ஒதுங்கி இருப்பதால் அலை குறைவு. விமானப்படை பராமரிக்கும் இடம், சீட்டு வாங்கித்தான் உள்ளே போகலாம். வெயில் தணிந்த பிறகு இறக்குங்கள். தண்ணீரில் நிற்கும்போது தோல் சுடுவது தெரியாது. இரவில் சட்டை பட்டால்தான் எரியும்.