சம்பளம் வருகிற தைரியத்தில் மாவு வியாபாரம்

வேலைக்குப் போய்க்கொண்டே, வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பக்கத்துக் கடைகளுக்குப் போடலாம் என்று இறங்குகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். வேலையை விட்டுவிடாதே என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தச் சம்பளமே நஷ்டத்தை மூடி மறைத்துவிடும், அதை யாரும் சொல்வதில்லை.

ஒரு கிலோ உளுந்துக்கு நாலு கிலோ இட்லி அரிசி, கொஞ்சம் வெந்தயம். அரைத்தால் பத்து கிலோ மாவு தேறும். சரக்கு, கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 28 ரூபாய், கடைக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 20 கிலோ போனால் 240 ரூபாய் லாபம். மனக்கணக்கு இதோடு நின்றுவிடும். சித்திரை வெயிலில் மாவு புளித்துப் பாக்கெட் உப்பி, நாலு கிலோ ரிட்டர்ன் வந்தால் 160 ரூபாய் போச்சு. கையில் 80. அதில்தான் பெட்ரோல். கரண்ட் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவதால், கிரைண்டர் ஓடிய யூனிட்டெல்லாம் விலை கூடிய அடுக்கில் போய் விழும். பில்லைச் சம்பளத்தில் கட்டிவிடுகிறோம், அதனால் உறைப்பதில்லை.

இன்னொன்று, ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து பாக்கெட் போடுகிற மனைவியின் நேரம். ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்பார்கள். எனக்குக் கோபம் வரும் பேச்சு இது. ஆள் வைத்தால் என்ன கூலி கொடுப்போமோ, அதை நோட்டில் செலவாக எழுத வேண்டும்.

வசூல் வீட்டுக் கணக்கில் விழுந்தால் மளிகையோடு கரைந்துவிடும். வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர் அட்டை வேண்டும்.

அப்புறம் காகித வேலை. தனியார் வேலையென்றால் வேலை உத்தரவில் வேறு தொழில் செய்யக் கூடாது என்று இருக்கிறதா பாருங்கள். அரசு ஊழியரென்றால் அனுமதி வாங்காமல் இறங்கக் கூடாது. உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்கிறவர் புரோக்கர். தொழில் வருமானம் வந்துவிட்டால் வருமான வரிக் கணக்குக்குச் சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1 படிவம் செல்லாது, ஐடிஆர்-3 அல்லது 4.

சம்பளத்திலிருந்து மாதம் எவ்வளவு போடலாம், எத்தனை மாதம் என்பதை இருவரும் பேசி, முதல் பாக்கெட் போடும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்தையும் சீட்டுப் பணத்தையும் தனியே எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதைத்தான் அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும்.