செடி தளதளவென்று இருக்கிறது, கிழங்கு ஏன் இல்லை? வெப்பமண்டலத்தில் உருளை வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

முதல் முறை பையில் மண் நிரப்பி உருளைக்கிழங்கு நட்டபோது செடி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, இலையெல்லாம் கரும்பச்சையாக இருந்தது. தொண்ணூறு நாள் கழித்துப் பையைக் கவிழ்த்தேன். சுண்டைக்காய் அளவில் நாலைந்து உருண்டைகள், மீதியெல்லாம் வேர். உரம் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இரண்டு மடங்கு போட்டேன். செடி இன்னும் பெரிதானது, கிழங்கு இன்னும் குறைந்தது.

கோளாறு உரக்குறைவில் இல்லை, சூட்டில்தான் இருந்தது. உருளை ஆண்டிஸ் மலையில் பிறந்த பயிர். நிலத்துக்குள் படரும் மெல்லிய தண்டுகளின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. மண் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் அது நன்றாக நடக்கும். மண்ணின் சூடு 30 டிகிரியை நெருங்கினால் அநேகமாக நின்றுவிடும். பகலைவிட இரவுதான் முக்கியம். இரவும் 22 டிகிரிக்கு மேல் புழுங்கினால், செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை அதிகமாகச் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். கிழங்காக வேண்டிய தண்டு நுனி சில சமயம் மண்ணைப் பிளந்து மேலே வந்து இலை விடுவதும் இந்தச் சூட்டால்தான்.

ஆகவே முதல் தவறு, நினைத்த மாதத்தில் நடுவது. உங்கள் ஊரில் இரவு மிகக் குளிர்ச்சியாக இருக்கும் காலம் எது என்று பாருங்கள். நட்டதிலிருந்து ஏறக்குறைய 5 முதல் 10 வாரம் வரை கிழங்கு உருவாகிப் பருக்கும் காலம். அது அந்தக் குளிரில் விழும்படி பின்னோக்கி எண்ணி நடுங்கள். 90 முதல் 100 நாளில் விளையும் குறுகிய கால வகை கிடைத்தால் அதையே எடுங்கள்.

அடுத்தது, கறுப்புப் பையை வெயிலில் தனியாக நிறுத்துவது. பிற்பகல் மூன்று மணிக்குப் பையின் ஓரத்து மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், கிழங்கு வைக்க வேண்டிய இடமே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிர் நிறப் பை நல்லது. இல்லாவிட்டால் பையைச் சுற்றி வெள்ளைத் துணியோ சாக்கோ கட்டுங்கள், நாலைந்து பைகளை ஒட்டி வையுங்கள். மண்மேல் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு வேண்டும். காலை வெயில் முழுதாகவும், பிற்பகலில் லேசான நிழலும் கிடைக்கும் இடமே சரி. என் அனுபவத்தில் உரத்தைவிட இந்த மூடாக்குதான் விளைச்சலை மாற்றியது.

சமையலுக்கு வாங்கிய கிழங்கை அப்படியே நடுவதும் தவறு. முளைக்காமலிருக்க மருந்து பட்டதாக இருக்கலாம், நோயும் ஒளிந்திருக்கலாம். புதிதாகத் தோண்டிய கிழங்கும் இரண்டு மூன்று மாதம் உறங்கும். அதற்கு முன் நட்டால் மண்ணிலேயே அழுகலாம். நோயில்லாத விதைக்கிழங்கை வாங்கி, முட்டை அட்டையில் கண் (முளை கிளம்பும் குழி) மேலே பார்க்க வைத்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் விடுங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் குட்டையாக, தடிப்பாக, பச்சையோ ஊதாவோ படிந்த முளை வர வேண்டும். இருட்டில் நீண்டு வெளுத்த முளை தொட்டாலே ஒடியும். சூடான ஈர மண்ணில் வெட்டிய துண்டுகள் சீக்கிரம் அழுகுவதால் கோழிமுட்டை அளவுக் கிழங்கை முழுசாகவே நடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கட்டும், வெட்டிய பக்கம் இரண்டு மூன்று நாள் நிழலில் காயட்டும்.

பையை முதல் நாளே விளிம்புவரை நிரப்பிவிட்டால் மண் அணைக்க இடமிருக்காது. மூன்றில் ஒரு பங்கு நிரப்பி நட்டு, தண்டு ஒரு சாண் வளர்ந்ததும் பாதி மறையும்படி மண் போடுங்கள், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் போடுங்கள். வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நஞ்சும் கூடியிருக்கும், வேகவைத்தாலும் அது போகாது. மண்ணை ஏற்ற ஏற்ற அடுக்கடுக்காகக் கிழங்கு காய்க்கும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம். குறுகிய கால வகைகளில் கிழங்கு பெரும்பாலும் விதைக்கிழங்குக்குச் சற்று மேலேதான் பிடிக்கும்.

இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிக் கொட்டுவது நான் இரண்டாம் முறை செய்த அதே தவறு. மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ அளவாகப் போதும். சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கி, தோலில் சொறி வரச் செய்யும். தண்ணீரைக் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், உள்ளே குழி விழும். இரண்டு அங்குலம் உள்ளே மண் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கிவிட்டால், மறுபடி தண்ணீர் ஊற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். மருந்து கிடையாது. செடியையும் கிழங்கையும் அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாயையும் வைக்கக் கூடாது, எல்லாம் ஒரே குடும்பம். நோய் வராவிட்டாலும் ஒரே மண்ணில் இந்தக் குடும்பத்தையே தொடர்ந்து நடாதீர்கள். மூன்று வருட இடைவெளி நல்லது.

கடைசியில் அவசரம். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தண்டை வெட்டிவிட்டுப் பத்துப் பன்னிரண்டு நாள் பொறுங்கள். ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரிந்து வந்தால் இன்னும் சில நாள் மண்ணிலேயே இருக்கட்டும். உரியவில்லையென்றால் தோண்டி, கழுவாமல் நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இருட்டில் வையுங்கள்.