பிளாஸ்டிக் கட்டையில் ஸ்லிங் மாட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏர் ரைஃபிள் வாங்கியவுடன் அடுத்த ஆசை ஸ்லிங், அதாவது தோளில் மாட்டும் வார். நியாயமான ஆசைதான், ஸ்கோப்போடு சேர்த்து 3 கிலோவைத் தாண்டும் பொருளை எவ்வளவு நேரம் கையிலேயே வைத்திருப்பது? ஆனால் மரத்தில் செய்த கட்டைக்கு (ரைஃபிளைத் தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) உரிய முறையை உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் கட்டையில் செய்துவிட்டு, ஓட்டையோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ரைஃபிள் காலியா என்று பார்ப்பது, துளையை நடுவில் போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

மர ஸ்க்ரூவை நேராக முறுக்குவது

ஸ்லிங்கை மாட்டக் கட்டையில் பொருத்தும் சின்ன உலோகக் குமிழ்தான் ஸ்டட். அதன் பாக்கெட்டில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கும். ஒன்று மர ஸ்க்ரூ, இன்னொன்று நட்டோடு வரும் போல்ட். மர ஸ்க்ரூ பின்பக்கத்துக்கு என்று போட்டிருப்பதால், யோசிக்காமல் அதையே முறுக்கிவிடுகிறார்கள். மரத்தில் அதன் முழு நீளமும் கடித்துப் பிடிக்கும். இங்கே சில மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடு, அதற்கப்புறம் வெறும் காற்று. இரண்டு மூன்று மரைதான் பிளாஸ்டிக்கைப் பிடித்திருக்கும்.

முறுக்கும்போது அது நன்றாக இறுகுவதுதான் எனக்கு எரிச்சல். இறுகியதை நம்பித் தோளில் மாட்டிவிடுகிறார்கள். நடக்க நடக்க ஸ்லிங் பக்கவாட்டில் இழுக்கும், துளை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும், ஒருநாள் ஸ்டட் கழன்று வந்துவிடும். எங்களோடு பயிற்சிக்கு வரும் ஒரு தம்பிக்கு பைக்கிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் ஆனது. ரைஃபிள் சிமெண்ட் தரையில் விழுந்து ஸ்கோப் போனது. அப்போதும் விடவில்லை: இன்னும் தடிமனான ஸ்க்ரூ, அதுவும் ஆடியதும் துளைக்குள் எபாக்சி புட்டி. பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்கில் எபாக்சி சரியாக ஒட்டாது. புட்டி கட்டியாகவே பிடுங்கிக்கொண்டு வந்தது. என்னிடம் கொண்டு வந்தபோது விரல் நுனி நுழையும் ஓட்டை.

செய்ய வேண்டியது இதுதான். பின்பக்க ரப்பர் பேடின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குறுக்குச் சட்டங்கள் எங்கே இருக்கின்றன, ஸ்பானர் எதுவரை போகும் என்று தெரிந்துவிடும். சட்டம் இடிக்காத இடமாகப் பார்த்துத் துளையிட்டு, நட் வகை ஸ்டட்டை வெளியிலிருந்து செருகுங்கள். உள்ளே அகலமான வாஷர், அதன்மேல் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாத நட்). கை எட்டாவிட்டால் நீளமான பாக்ஸ் ஸ்பானரின் வாயில் கொஞ்சம் கிரீஸ் தடவி நட்டை ஒட்டவைத்து உள்ளே விடுங்கள், விழாது. உட்சுவர் வளைந்திருந்தால் வாஷர் ஓரத்தில் மட்டும் உட்காரும். அந்த வளைவுக்கு அராவிய சின்னத் தேக்குத் துண்டை நடுவில் கொடுங்கள். பேடே கழலாத கட்டை என்றால் துளையை மறந்துவிட்டு, கட்டையைச் சுற்றிக் கட்டும் வகை ஸ்லிங் வாங்குங்கள்.

ஸ்பிரே நுரையால் நிரப்புவது

நுரை ஸ்க்ரூவைப் பிடிக்காது. வேண்டாம்.

வேகமாகத் துளையிடுவது

பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும், துளையும் பெரிதாகிவிடும். முதலில் 2 மி.மீ. பிட், அப்புறம் போல்ட்டின் அளவு. மெதுவாக.

முன்பக்கம் உள்ளே பார்க்காமல் துளைப்பது

பேரலை மடித்து லோடு செய்யும் ரைஃபிளில், முன்கட்டைக்குள் இருக்கும் பள்ளத்தில் லீவர் ஓடும். போல்ட் நுனி அங்கே நீட்டிக்கொண்டிருந்தால் லீவர் அதில் இடிக்கும். கட்டையைத் தனியாகக் கழற்றிப் பார்த்து, மிஞ்சும் போல்ட்டை வெட்டிவிடுங்கள். இதைத் தவிர்க்க சிலர் பேரலிலேயே கிளாம்ப் போட்டு ஸ்லிங்கை மாட்டுகிறார்கள். அந்த இழுப்பு முழுவதும் பேரல் மடியும் மூட்டில்தான் விழும். அதுவும் கூடாது.

மரைக்குப் பசை

மரை கழலாமல் இருக்க விடும் திரவப் பசை சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடவைக்கும். நைலாக் நட்டே போதும்.

பேடை மூடும் முன்

கீழே மெத்தை போட்டு, ஸ்லிங்கைப் பிடித்து ரைஃபிளை நாலு பக்கமும் உலுக்குங்கள். பிறகு உள்ளே டார்ச் அடித்து வாஷரைச் சுற்றிப் பாருங்கள். பிளாஸ்டிக் வெளுத்திருந்தால் அந்த இடம் பாரம் தாங்கவில்லை. இன்னும் பெரிய வாஷராகப் போட்டு மறுபடி உலுக்கிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.