350 பிளாக்கில் 400 கிராங்க்: செவர்லே 383 கட்டும் முறை

செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 குடும்பத்தில் 350 (கன அங்குலக் கொள்ளளவு) எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 3.48 அங்குலம். 1970 முதல் 1980 வரை வந்த 400 எஞ்சினுக்கோ 3.75. ஸ்ட்ரோக்கைத் தீர்மானிப்பது பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க். அந்தப் பெரிய கிராங்கை 350 பிளாக்கில் இறக்கி, சிலிண்டரை 4.030 அங்குல விட்டத்துக்கு போர் செய்தால் (குடைந்தால்) 383 கன அங்குலம், ஏறக்குறைய 6.3 லிட்டர். குறைந்த ஆர்பிஎம்மிலேயே நல்ல இழுவை கிடைக்கும். அமெரிக்காவில் பல பேர் முதன்முதலாகக் கட்டும் எஞ்சின் இது.

முதலில் பிளாக். 1985 வரை வந்த 350 பிளாக்காகப் பாருங்கள். 1986-இல் பின்பக்க ஆயில் சீல் ஒற்றைத் துண்டாக மாறிவிட்டது. 400 கிராங்க் இரட்டைத் துண்டு சீலுக்கானது.

அடுத்து கிராங்க். 400-இன் மெயின் ஜர்னல் (பிளாக்கின் பேரிங்கில் உட்காரும் பகுதி) 2.65 அங்குலம், 350 பிளாக் ஏற்பது 2.45. இந்த அளவுக்குத் தேய்க்க கிராங்க் கிரைண்டிங் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். ஜர்னல் ஓரத்து வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அங்கே கூர்மையாக வெட்டினால் கிராங்க் அதே இடத்தில் விரிசல் விடும்.

கிராங்க் வந்ததும் எஞ்சினை உடனே பூட்டிவிடத் தோன்றும். பொறுங்கள், முக்கியமான வேலையே இனிமேல்தான். பழைய பேரிங்குகளைப் போட்டு கிராங்கை உட்கார வையுங்கள். ரிங் இல்லாத ஒரு பிஸ்டனை ராடோடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) மாட்டி, கையால் மெல்லச் சுற்றுங்கள். ராடு போல்ட் கீழே வரும்போது சிலிண்டரின் அடி விளிம்பிலும், ஆயில் பான் பொருந்தும் ஓரத்திலும் 'டிக்' என்று முட்டும். அந்த இடத்தை மார்க்கரால் குறித்து, டை கிரைண்டரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். 0.060 அங்குல இடைவெளி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பின்னால் தண்ணீர் ஓடும் பாதை இருக்கிறது. எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். நான் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவையும் அப்படித்தான் என்று பூட்டி, முழு எஞ்சினையும் மறுபடி பிரித்திருக்கிறேன்.

அப்புறம் கேம் ஷாஃப்ட், டைமிங் செயின் இரண்டையும் மாட்டி, ராடு போல்ட் கேம் லோபில் (கேமின் மேட்டில்) உரசுகிறதா என்று பாருங்கள். கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். இங்கும் அதே இடைவெளி வேண்டும்.

பிஸ்டன் கணக்கு எளிது. பிளாக் உயரம் (கிராங்க் மையத்திலிருந்து மேல் தளம் வரை) 9.025, அதில் ஸ்ட்ரோக்கின் பாதி 1.875, ராடு நீளம் 5.7 இரண்டையும் கழித்தால் மிச்சம் 1.45. ராடு மாட்டும் பிஸ்டன் பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 1.43 அங்குலம் அளவில் உள்ள 383 பிஸ்டன் வாங்குங்கள். 350-இன் பழைய பிஸ்டனுக்கு இது 1.56, ஹெட்டில் இடித்துவிடும்.

400 கிராங்குக்கு வெளிப்புற பேலன்ஸ். அதாவது எடைச் சமநிலையின் ஒரு பகுதி கிராங்கின் முன்பக்க டேம்பரிலும் (அதிர்வு அடக்கும் சக்கரம்) பின்பக்க ஃப்ளைவீலிலும் இருக்கிறது. இரண்டும் 400-க்கு உரியவையாகவே இருக்கட்டும். 350-இன் டேம்பரும் பொருந்தத்தான் செய்யும், ஆனால் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும். முடிந்தால் ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் கொடுத்து பேலன்ஸ் செய்துவிடுங்கள்.

கடைசியாக, பிளாக்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆயில் துளைகளில் பிரஷ் விட்டு இரும்புத் தூள் போகும்வரை தேயுங்கள். புது பேரிங்கில் பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தால் இடைவெளி காட்டும் மெல்லிய இழை) வைத்து 0.002 முதல் 0.0025 அங்குல இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிட்டு, ஆயில் தடவி மெயின் கேப்களை (கிராங்கைப் பிடித்துவைக்கும் மூடிகள்) பழைய வரிசையிலேயே பூட்டுங்கள். ஒவ்வொரு கேப்பை முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்புக்குப் பிறகு இறுகுகிறதோ, அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.