ஏத்தா, காலை ஊண்டிருக்க வேண்டியதுதானே?

மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நான் விழுந்தபோது சைக்கிள் சுத்தமாக நின்றிருந்தது. ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்தபடி, வெட்டிய வாழை சாய்கிற மாதிரி, மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தேன். இரண்டு ஷூவும் பெடலில் பூட்டிக் கிடந்தன. ஓரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து தூக்கிவிட்டு, "ஏத்தா, காலை ஊண்டிருக்க வேண்டியதுதானே?" என்றார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருக்கிறது. எந்தப் பெடல் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நானும் இதைத்தான் முதலில் கேட்கிறேன்: நீங்கள் போகிற பாதையில் எத்தனை தடவை காலை ஊன்றுகிறீர்கள்?

நான் கணக்கு டீச்சர், அதனால் எண்ணிப் பார்த்தேன். கே.புதூர் வீட்டிலிருந்து தல்லாகுளம், கோரிப்பாளையம், ஏ.வி. பாலம், சிம்மக்கல் தாண்டி தெற்கு மாசி வீதிப் பக்கம் உள்ள பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம். சராசரியாக 23 தடவை கால் தரைக்கு வந்தது. சித்திரைத் திருவிழா நாட்களை எண்ணவே இல்லை, அப்போது சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் அதே வீட்டிலிருந்து மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோவில் அடிவாரம் போனால் நாலே தடவை. அதில் ஒன்று டீக்கு.

நீங்களும் ஒரு வாரம் எண்ணுங்கள். கிலோமீட்டருக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்தால் ஃப்ளாட் பெடல்தான், அதாவது பூட்டு இல்லாத சாதாரணத் தட்டைப் பெடல், யோசிக்கவே வேண்டாம். மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால் ஷூவைப் பூட்டும் கிளிப்லெஸ் பக்கம் போகலாம். இது நானாக வைத்துக்கொண்ட அளவு.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கிளிப்லெஸ் என்றால் கிளிப் இல்லாதது. ஆனால் காலைப் பூட்டுவது அதுதான். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்கள் பெடலின் முன்னால் ஒரு கம்பிக்கூண்டு வைத்து, கால்விரலை உள்ளே நுழைத்து வாரால் இறுக்குவார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். பனிச்சறுக்குப் பலகையில் ஷூவைப் பூட்டும் கருவி செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-ல் அதே முறையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. மறுவருஷமே பெர்னார் இனோ என்ற பிரெஞ்சு வீரர் அதை மாட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தார். கூண்டு போனது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பூட்டினால் பெடலை மேலேயும் இழுக்கலாம், வேகம் கூடும் என்று கடையில் சொல்வார்கள். சீராக மிதித்துப் போகும்போது வேலை முக்கால்வாசிக்கு மேல் கீழே அமுக்கும் காலுடையதுதான். மேலே வரும் கால் தன் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாலே போதும். கிளிப்லெஸ்ஸில் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. மணிக்கணக்கில் மிதித்தாலும் பாதம் வைத்த இடத்திலேயே இருக்கும், குண்டுகுழியில் வழுக்காது, வேகமாகச் சுற்றினாலும் கால் பறக்காது. நத்தம் சாலையில் எதிர்க்காற்றில் ஒரு தடவை போனால் புரியும்.

ஃப்ளாட் வாங்குவதென்றால் வழவழப்பான பிளாஸ்டிக் வேண்டாம். அகலமான நைலான் அல்லது அலுமினியப் பெடல், மேலே சின்னச் சின்ன முள் வைத்தது கேளுங்கள். அடிப்பாகம் தட்டையான ரப்பர் ஷூ போட்டால் நன்றாகக் கவ்வும். மே மாத வெயிலில் பின்வார் வைத்த செருப்பு போட்டும் ஓட்டலாம், ஹவாய் செருப்பு மட்டும் கூடாது. கால் வழுக்கினால் அந்த முள் முன்காலைக் கீறும், என் வலது காலில் தழும்பு இருக்கிறது.

கிளிப்லெஸ் என்றால் இரண்டு ஜாதி. ஷூவின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் துண்டுக்குக் கிளீட் என்று பெயர். இரண்டு போல்ட் கிளீட் சின்னது, ஷூவின் பள்ளத்துக்குள் அடங்கிவிடும், இறங்கி நடக்கலாம். மூன்று போல்ட் கிளீட் பெரிய பிளாஸ்டிக், வெளியே துருத்தி நிற்கும். அதோடு டைல்ஸ் போட்ட டீக்கடைக்குள் நடந்தால் வாத்து நடைதான். பந்தயத்துக்குப் போகாதவர்களுக்கு இரண்டு போல்ட் போதும். இன்னொன்று: அழகர்கோவிலில் சாமி கும்பிடப் போனால் அந்த விலையுயர்ந்த ஷூவைச் செருப்பு ஸ்டாண்டில் விட்டுத்தான் போக வேண்டும். சாமி முன்னால் நிற்கும்போதும் மனசு ஸ்டாண்டிலேயே இருக்கும்.

ஒரு பக்கம் ஃப்ளாட், மறுபக்கம் பூட்டு என்று இரட்டைப் பெடலும் உண்டு. நானும் வாங்கினேன். சிக்னல் விழுந்து அவசரமாகக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு வேண்டாத பக்கமே மேலே இருந்தது. தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

மாட்டும்போது ஒன்று கவனம்: இடது பெடலின் மரை தலைகீழ். ஸ்பேனரை மேலே பார்க்க வைத்து முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும். பெரும்பாலும் 15 மி.மீ. ஸ்பேனர், சிலவற்றுக்கு ஆலன் கீ (வளைந்த அறுகோணச் சாவி). மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள், ஒரு மழைக்காலம் போனால் கழற்றவே வராது.

கிளீட்டைப் பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் உருண்டை எலும்புக்கு நேராக வையுங்கள், கொஞ்சம் பின்னால் தள்ளினாலும் குற்றமில்லை. நடக்கும்போது உங்கள் பாதம் வெளிப்பக்கம் திரும்புமென்றால் கிளீட்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நேராகத்தான் இருக்கணும் என்று அடம்பிடித்து எனக்கு மூன்று வாரம் முழங்கால் வலித்தது. ஷிமானோ இரண்டு போல்ட் பெடலோடு வருவது பெரும்பாலும் எஸ்எச் 51 கிளீட், குதிகாலை வெளியே திருப்பினால்தான் கழலும். எஸ்எச் 56 என்று தனியாகக் கிடைப்பது பல திசையிலும் கழலும். புதிதாகப் பழகுபவர்கள் அதை வாங்குங்கள். பெடலில் உள்ள ஸ்பிரிங் திருகையும், கழன்று விழாத அளவுக்கு, மிகக் குறைந்த இறுக்கத்துக்குத் தளர்த்திவிடுங்கள்.

அப்புறம் பழக்கம். சுவரைப் பிடித்து நின்று, ஒவ்வொரு காலும் ஐம்பது தடவை பூட்டிக் கழற்றுங்கள். பிறகு தெப்பக்குளத்தைச் சுற்றி, ஆள் நடமாட்டம் கூடுவதற்குள், ஒவ்வொரு மூலையிலும் நின்று நின்று போங்கள். நிற்கலாமா என்று தோன்றும்போதே கால் கழன்றிருக்க வேண்டும், பிரேக் பிடித்த பிறகு கழற்ற நினைத்தால் கோரிப்பாளையம்தான். எப்போதும் இடது காலையே கழற்றுங்கள். நாம் போவது சாலையின் இடப்பக்கம், வலப்பக்கம் சாய்ந்தால் பஸ் வரும்.

மாதம் ஒரு தடவை கிளீட் போல்ட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும். நான் பார்க்காமல் விட்டதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. ஒரே போல்ட்டில் கிளீட் நின்றால் ஷூதான் சுற்றும், பூட்டு கழலாது. அப்பன்திருப்பதி டீக்கடை முன்னால் இடது காலை எவ்வளவு திருகியும் வரவில்லை. நல்லவேளை, வலது கால் கழன்றது. ஷூவைப் பெடலிலேயே தொங்கவிட்டுவிட்டு, ஒற்றைச் சாக்ஸோடு போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் சைக்கிளையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "செருப்பை அங்கன அடகு வச்சிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, டீயோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுவந்து வைத்தார். ஆலன் கீதான் வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.