வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வெளியிலிருந்து நுழைவது எப்படி

முதலில் உங்கள் விண்டோஸ் ஹோமா, ப்ரோவா என்று பாருங்கள். ஹோம் என்றால் ரிமோட் டெஸ்க்டாப் (தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரின் திரையைத் திறந்து வேலை செய்யும் விண்டோஸ் வசதி) மூலம் அடுத்த கம்ப்யூட்டருக்குள் நீங்கள் போகலாம், வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்குள் வர முடியாது. அதற்காகக் காசு கொடுத்து ப்ரோவுக்கு மாற வேண்டியதில்லை, கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போதும்: வீட்டுக் கம்ப்யூட்டரில் உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து அதை நிறுவி, 6 இலக்கமாவது உள்ள பின் ஒன்றை வைத்து, வெளியிலிருந்து அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் உங்கள் திரை வந்துவிடும்.

ப்ரோ இருந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் சுவிட்சை ஆன் செய்யுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்துதான். தினமும் நாலு இலக்கப் பின்னைத் தட்டியே பழகியிருப்போம், ரிமோட்டில் அது செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கு என்றால் உள்ளே விடாது.

அப்புறம் தூக்கம். முதல் தடவை நான் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து அமைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினேன், பாதி வழி போவதற்குள் கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போய்விட்டது, நான்கு நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள், திரை மட்டும் அணையட்டும். மின்சாரம் போய் வந்தால் தானாகவே ஆன் ஆகும் வசதி பல மதர்போர்டுகளின் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரை) இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். ரவுட்டரில் 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் வாசல்) இணையத்துக்குத் திறந்துவிடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் தேடிப் பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவே தானியங்கி நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2019இல் வெளியான, ரிமோட் டெஸ்க்டாப்பில் இருந்த புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழையப் பழைய விண்டோஸ்களில் பாஸ்வேர்டுகூடத் தேவைப்படவில்லை. பதிலாக டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்னை (உங்கள் கருவிகளை மட்டும் இணையம் வழியே இணைக்கும் தனிப் பாதை) வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கையில் கொண்டுபோகும் லேப்டாப்பிலும் போட்டு, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழையுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 100 என்று தொடங்கும் முகவரி ஒன்று கிடைக்கும். லேப்டாப்பில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து அந்த முகவரியைப் போட்டால் சரி, ரவுட்டரைத் தொடவே வேண்டாம். வீட்டுக் கம்ப்யூட்டரின் டெயில்ஸ்கேலில் 'ரன் அன்அட்டெண்டட்' என்பதை டிக் செய்ய மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அப்டேட்டுக்காக விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆனதும் யாராவது லாகின் செய்யும்வரை தொடர்பு வராது.

கிளம்புவதற்கு முன்பே லேப்டாப்பை வீட்டு வைஃபையிலிருந்து துண்டித்து, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துச் சோதித்துப் பாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சோதிப்பது சோதனையே இல்லை.

ரிமோட் டெஸ்க்டாப்பில் நீங்கள் உள்ளே இருக்கும்போது வீட்டில் திரை லாக் ஆகித்தான் தெரியும், அதைப் பார்த்துவிட்டு யாராவது உங்கள் கணக்கில் நுழைந்தால் நீங்கள் வெளியே தள்ளப்படுவீர்கள், அதனால் வீட்டில் சொல்லி வையுங்கள். வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஷட் டவுன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், டிஸ்கனெக்ட் போதும்.