ஜன்னல் இல்லாத கேபினில் நாலு பேர்: முதல்முறை கப்பல் ஏறுகிறவர்களுக்கு

போன ஜூன் பள்ளி விடுமுறையில் நான், அம்மா, அக்கா, பதினாறு வயது அக்கா மகள் என்று நாலு பெண்கள் சிங்கப்பூரில் உல்லாசக் கப்பல் ஏறி, ஒரே கேபினில் நாலு இரவு தங்கி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு வந்தோம். சண்டை வரவில்லையா என்றால், ஒன்றே ஒன்று வந்தது. ஹேர் டிரையரால் வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கப்பலில் இருப்பதிலேயே மலிவு ஜன்னல் இல்லாத உள்கேபின்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கிற பாம் ஷெல்ட்டர் என்ற ஜன்னலில்லாத குட்டிக் காப்பறையை நன்றாகப் பெரிதாக்கி, கட்டில் போட்டு, கார்ப்பெட் விரித்து, ஒரு குளியலறையும் ஒட்டவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. இந்த அறைக்குள் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம், ஆனால் நாலு பேர் நிற்க முடியாது. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சமாளிக்கிற வழிகள்தான்.

முதல் படி: ஹாலில் டேப் ஒட்டிப் பாருங்கள்

உள்கேபின்கள் பெரும்பாலும் 14 முதல் 17 சதுர மீட்டருக்குள் இருக்கும். "பதினைந்து சதுர மீட்டரா, நம்ம ரூமைவிடப் பெரிசுடி" என்றாள் அக்கா. அதில் குளியலறையும் அலமாரியும் அடக்கம் என்பதை அவள் யோசிக்கவில்லை. நான் ஈசூனில் எங்கள் நாலறை வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, மாஸ்கிங் டேப்பால் 5 மீட்டருக்கு 3 மீட்டர் ஒரு கட்டம் போட்டேன். ஒரு மூலையில் குளியலறை, பக்கத்தில் அலமாரி, எதிரே மேசை, நடுவில் இரண்டு கட்டில் என்று பழைய செய்தித்தாளை விரித்தேன். மிஞ்சியது ஒன்றரை டைல் அகலத்துக்கு ஒரு சந்து. அதில் அம்மாவும் நானும் எதிரெதிரே வந்தபோது ஒருவர் செய்தித்தாள் மேல் ஏறித்தான் வழிவிட வேண்டியிருந்தது.

ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைப் பார்த்த பிறகு பெரிய பெட்டி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் படி: பதியும்போது கட்டிலைக் கேளுங்கள்

விலையைக் கேட்பதற்கு முன்னால் "நாலு கட்டிலும் எப்படி வரும்?" என்று கேளுங்கள். வழக்கமாகக் கீழே இரண்டு ஒற்றைக் கட்டில் இருக்கும். அவற்றைச் சேர்த்தும் போடலாம், பிரித்தும் போடலாம். மற்ற இரண்டும் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்குகிற மேல்கட்டில்கள். சில கேபின்களில் ஒரு மேல்கட்டிலுக்குப் பதிலாக விரிக்கிற சோபா வரும், அப்போது நடக்க மிச்சமிருக்கும் சந்தும் போய்விடும். மேல்கட்டிலுக்கு ஏணி உண்டு. சின்னப் பிள்ளைகளை அதில் படுக்கவைக்கப் பல கப்பல்களில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களை ஏணிப் பக்கமே அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, நாலாவது ஆளுக்குக் கட்டணம் பல நேரம் குறைவு. ஆனால் துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான அன்றாட டிப்ஸ் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். கூட்டிப் பார்த்தால் சில சமயம் இரண்டு பேராக இரண்டு உள்கேபின் எடுப்பதற்கும் ஒரே கேபினுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்படி வந்தால் யோசிக்காமல் இரண்டு எடுங்கள். குளியலறை இரண்டாகிவிடும், அதைவிடப் பெரிய சொகுசு கப்பலில் கிடையாது. நாலு பேர் கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு, பள்ளி விடுமுறைக்கு முதலில் தீர்ந்துபோவதும் அவைதான்.

கேபின் எண்ணைத் தேர்ந்தெடுக்க விட்டால், கப்பலின் நடுவில், கீழ்த்தளமாகப் பாருங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேலேயும் கீழேயும் கேபின் தளமே இருக்கட்டும். நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே மாட்டினால் காலையில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில்தான் விழிப்பீர்கள்.

மூன்றாம் படி: பெட்டி கட்டுவது

ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி அல்லது துணிப்பை. கட்டிலுக்கு அடியில் போகிற உயரமாக இருக்க வேண்டும். கப்பலில் ஏறியதும் துணியை எடுத்து அடுக்கிவிட்டு, வெறும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். தரையில் ஒரு பெட்டி நின்றால்கூட அந்தச் சந்து அடைபட்டுவிடும்.

முக்கியமான சாமான் காந்தக் கொக்கி. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தம் கப்பென்று ஒட்டிக்கொள்ளும். டாய்சோ கடையில் இரண்டு வெள்ளி சொச்சத்துக்குக் கிடைப்பதை எட்டு வாங்கினேன். தொப்பி, கைப்பை, ஈர நீச்சலுடை, அம்மாவின் ஜபமாலை என்று எல்லாம் சுவரில் தொங்கின. பசை டேப் வேண்டாம், சுவரைக் கெடுக்கும் என்று திட்டுவார்கள்.

அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் மக். கழிப்பறையில் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய் இருக்காது, தாள்தான். முதல் கப்பல் பயணத்தில் யாரும் சொல்லாமல் விட்டதால் தவித்தோம், அதனால் வெட்கப்படாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கொண்டுபோகக் கூடாதவை: இஸ்திரிப் பெட்டி, மின்கெண்டி, குட்டி ரைஸ் குக்கர், மெழுகுவத்தி, ஊதுவத்தி. கப்பலில் தண்ணீரைவிட நெருப்புக்குத்தான் பயப்படுவார்கள். பெட்டியை எக்ஸ்ரேயில் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்கும். அம்மா காலையில் விளக்கேற்றாமல் காபி குடிக்க மாட்டார். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பேட்டரியில் எரிகிற குட்டி விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இதுவும் வெளிச்சம்தானே" என்று சமாதானமானார்.

எக்ஸ்டென்ஷன் வயரையும் பல கப்பல்களில் விடுவதில்லை. நாலு போன், இரண்டே பிளக் என்று இருக்கும், அதுவும் நம் மூன்று முனை பிளக் நுழையாததாக இருக்கலாம். அடாப்டரும், ஒரே பிளக்கில் நாலு யூஎஸ்பி வயர் செருகுகிற சார்ஜரும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் இதில்தான் கோட்டை விட்டேன். முதல் நாள் இரவு அக்கா மகள் ஹேர் டிரையருக்காக அக்காவின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, திரும்பச் செருக மறந்துவிட்டாள். மறுநாள் பினாங்கில் இறங்கும்போது அக்கா போனில் ஒன்பது சதவீதம். "படம் எடுக்கத்தானேடி வந்தேன்" என்று ஆரம்பித்து, மகளின் ஓ லெவல் மதிப்பெண் வரைக்கும் போனது அந்தச் சண்டை.

நாலாம் படி: கேபினில் முதல் அரைமணி நேரம்

கப்பல் ஏறுகிற முனையம் மரினா பே குரூஸ் சென்டரா, ஹார்பர்ஃபிரண்டா என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், மாறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு மரினா பே. ஈசூனில் ஏறி, சிவப்பு ரயில் பாதையின் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கினோம், நடுவில் மாற வேண்டியதே இல்லை. முனையத்தில் பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை கேபின் வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம்கூட ஆகும். மாத்திரை, பாஸ்போர்ட், நீச்சலுடை மூன்றும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

கேபின் கதவு திறந்ததும் எல்லாரும் முண்டியடித்து உள்ளே போகாதீர்கள். அக்கா மகளையும் அம்மாவையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நானும் அக்காவும் மட்டும் அறையை அடுக்கினோம். குளியலறைக்குப் பக்கத்துக் கீழ்க்கட்டில் அம்மாவுக்கு. ஏணி ஏறுகிறவள் அக்கா மகள், அவளுக்கு மேலே ஒரு காந்தக் கொக்கியும் துணிப்பையும். போன், கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில்தான், ராத்திரி ஒவ்வொன்றுக்கும் இறங்கி வர வேண்டியதில்லை. இன்னொரு மேல்கட்டில் எனக்கு. அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு. உயிர்காப்பு உடை அலமாரியில் இருந்தால் அதற்கு முன்னால் சாமான் அடைக்காதீர்கள்.

கேபினைக் கவனிக்கிற ஊழியர் வந்து அறிமுகம் செய்துகொள்வார். கேட்க வேண்டியதை அப்போதே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்: கட்டிலைப் பிரித்துப் போட, பகலில் மேல்கட்டில்களை மடித்துவைக்க, ராத்திரி இறக்க, கூடுதல் ஹேங்கர் தர. மேல்கட்டில் மடிந்திருந்தால் பகலில் கீழ்க்கட்டிலில் தலை இடிக்காமல் உட்காரலாம்.

ஐந்தாம் படி: குளியலறை அட்டவணை

இதை ஏறும் முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். எங்கள் ஏற்பாடு இது: காலை ஆறு மணிக்கு அம்மா, ஆறரைக்கு நான், ஏழுக்கு அக்கா. அக்கா மகள் ராத்திரி குளிப்பவள், காலையில் பல் தேய்க்க மட்டும் ஐந்து நிமிடம். குளியலறைக்குள் குளியல் மட்டும்தான். தலை வாருவது, பவுடர் போடுவது, காஜல் தீட்டுவது எல்லாம் வெளியே மேசைக் கண்ணாடியில். ஒருத்தி குளிக்கும்போது ஒருத்தி உடுத்தலாம், மற்ற இருவரும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. முதல் நாள் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் அம்மாவே, "இப்ப யாரு முறை? மத்தவங்க காலைத் தூக்கி மேல வைங்க" என்று அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஷவர் மூலை ரொம்பக் குறுகல். சில கப்பல்களில் கண்ணாடிக் கதவு, சிலவற்றில் உடம்போடு வந்து ஒட்டுகிற திரைத்துணி. சேலை, சுரிதாரை உள்ளே கொண்டுபோனால் நனையாமல் திரும்பாது. ஃப்ளஷ் அமுக்கினால் காற்று உறிஞ்சுகிற சத்தம் தூக்கிவாரிப்போடும், பயப்பட வேண்டாம். அதற்குள் நாப்கின், ஈரத் துடைப்புத்தாள் எதையும் போடாதீர்கள். அடைத்துக்கொண்டால் பக்கத்துக் கேபின்களுக்கும் சேர்த்து அவஸ்தை.

அவசரத்துக்குப் பொதுத் தளங்களில் நல்ல கழிப்பறைகள் இருக்கின்றன. நீச்சல்குளம், ஜிம் பக்கம் ஷவரும் இருக்கும்.

ஆறாம் படி: இருட்டும் குறட்டையும்

ஜன்னல் இல்லாத இருட்டில் தூக்கம் அருமையாக வரும், ஆனால் விடிந்தது தெரியாது. பல கப்பல்களில் டிவியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடுகிற சேனல் ஒன்று உண்டு. சத்தத்தை முழுக்கக் குறைத்து அதை விட்டுவிட்டால், ராத்திரி கருப்பாக இருக்கிற திரை விடியற்காலையில் மெல்ல நீலமாகும். அதுதான் எங்கள் ஜன்னல். ராயல் கரீபியன் நிறுவனத்தின் குவாண்டம் வகைக் கப்பல்களின் உள்கேபின்களில் இதையே சுவரளவுக்குத் திரையாக வைத்து மெய்நிகர் பால்கனி என்று விற்கிறார்கள். திரை வெளிச்சம் பிடிக்காதவர் இருந்தால், குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஏணியிலிருந்து இறங்குகிறவர் அம்மாவின் கால்மேல் மிதிக்காமல் இருக்க அவ்வளவு வெளிச்சம் போதும்.

அலாரம் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. பினாங்கு நேரமும் நம் நேரமும் ஒன்று. புக்கெட் ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்று அன்றைய அறிவிப்பில் இருக்கும். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது, என் போன் கரையின் சிக்னலைப் பிடித்துத் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. ஏழு மணி என்று நினைத்து நிதானமாக எழுந்தால் கப்பலில் எட்டு. அன்றைக்குக் குளியல் அட்டவணையாவது மண்ணாவது. நேரம் தானாக மாறுகிற வசதியை அணைத்துவிடுங்கள். நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் வையுங்கள், கப்பலின் செல்பேசி அலைவரிசையில் தெரியாமல் சேர்ந்துவிட்டால் பில் எகிறும்.

அம்மா குறட்டை விடுவார். காதடைப்பான் மூன்று ஜோடி. அவ்வளவுதான், இதற்கு வேறு வைத்தியம் இல்லை.

கடைசிப் படி: கடைசி ராத்திரி

பெட்டிகளைக் கடைசி ராத்திரி கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், ஊழியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். மறுநாள் முனையத்தில்தான் அவற்றைப் பார்ப்பீர்கள். வைப்பதற்கு முன் ஒவ்வொருவரும் மறுநாள் போடப்போகிற துணி, உள்ளாடை, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட்டைத் தன் கட்டிலில் எடுத்துவைத்து மற்றவர்களிடம் காட்ட வேண்டும். நாங்கள் காட்டவில்லை. காலை ஏழு மணிக்கு மேலே இருந்து ஒரு குரல்: "சித்தி, என் ஷூ எல்லாமே பெட்டிக்குள்ள போயிடுச்சு." காலை உணவு, குடிநுழைவு வரிசை, பெட்டி எடுக்கிற இடம் வரைக்கும் என்னுடைய குளியலறை ரப்பர் செருப்பில், இரண்டு அளவு சின்னதில், குதிகால் வெளியே தொங்க நடந்தாள்.

பெட்டி இல்லாத கேபின் திடீரென்று பெரிதாகத் தெரியும். அப்போது கட்டிலுக்கு அடியில், மேல்கட்டிலின் இடுக்கில், ஷவர் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரையும் தடவிப் பாருங்கள். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கொக்கி கண்ணுக்குத் தெரியாமல் எட்டில் மூன்றை விட்டுவிட்டு வந்தோம். அடுத்த பயணத்துக்குச் சிவப்பாக வாங்கி வைத்திருக்கிறேன்.